ஆறாவது கன்றின் அளவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவளுக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாள். நீயும் சுகமாக இருப்பாய், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தையல் கடையில் வேலைக்குக் குறைவில்லை, பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடக்கின்றன, காஜா போடுகிறவர் வேறு லீவு. இப்படியே சுற்றி வளைத்துக்கொண்டிருப்பேன், விஷயத்துக்கு வருகிறேன். உன் கடைசி வருட ஆய்வுக்காக மொட்டைமாடியில் ஆறு ஒட்டுக்கன்றுகளை விட்டுவிட்டுப் போனாயே, வாராவாரம் டேப் வைத்து அளந்து அனுப்புகிறேனே, அதில் ஐந்து கன்றுகளின் அளவு பொய்யம்மா.

ஒட்டுப் போட்ட கட்டுக்குக் கீழ துளிர் வந்தா கிள்ளிடுங்கப்பா, அது காட்டு எலுமிச்சை, மேல இருக்கறதுதான் நம்ம ஆரஞ்சு என்று பஸ் ஏறும்வரை சொன்னாய். நான் காதில் வாங்கினால்தானே. முப்பது வருஷமாகக் கத்திரி பிடிக்கிறவனுக்கு எதை வெட்டுவது என்று இவள் பாடம் எடுக்கிறாளே என்று சிரித்தேன். மேலே வெறும் குச்சி, கீழே தளதளவென்று இலை. நீ போன மறுவாரமே ஐந்திலும் குச்சியை நறுக்கிவிட்டேன். ஆறாவது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்ததால் அன்று கண்ணில் படாமல் தப்பியது. இரண்டு மாதம் முன்பு, பேண்ட் உயரம் குறைக்க வந்த நாற்றுப்பண்ணைக்காரரைப் பெருமையாக மாடிக்குக் கூட்டிப்போனேன். கன்றில் இருந்த முள்ளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னண்ணே, ஆரஞ்சை வெட்டிட்டு முள்ளுக்குத் தண்ணி ஊத்திட்டிருக்கீங்க என்று சிரித்தார். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். செடிக்குத் தண்ணி ஊத்த எதுக்கு நாலு வருஷப் படிப்பு என்று உன் பெரியப்பா வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டேனே, நீ எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாயே, அந்த முகம் கண்முன் வந்தது. வெட்கத்தில் மறைத்தேன். தெரிந்தே எட்டு வாரம் அந்த முட்செடிகளின் அளவை அனுப்பினேன். போன வாரம், இவ்வளவு சீரா யாரும் அளந்ததில்லைன்னு எங்க பேராசிரியர் சொன்னார்ப்பா என்று நீ போனில் சந்தோஷப்பட்டாய். அதற்கு மேலும் என்னால் மறைக்க முடியவில்லை.

ஆறாவதை உன் அம்மாதான் நீ சொன்னபடி கிள்ளிக் காப்பாற்றியிருக்கிறாள், அவள் காதில் விழுந்திருக்கிறது பார். இன்று அவள் டேப்பைப் பிடிக்க நான் அளந்தேன். கட்டுக்கு மேல் ஒன்பதேகால் அங்குலம், பதினான்கு இலை. இது மட்டும் சத்தியம். மற்ற ஐந்தையும் அடித்துவிடு. காரணம் கேட்டால் அப்பா வெட்டினார் என்றே எழுது, வெயில் மேல் பழி போடாதே. படிப்பு முடிய இன்னொரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை, உன் பேராசிரியர் முன்னால் வந்து நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன்.

நன்றாக இரு, நினைத்தது கைகூடட்டும். தொப்பியில்லாமல் வெயிலில் நிற்காதே. இருபதாம் தேதி நீ அறிக்கை கொடுக்கும் முன் இது உன் கைக்கு வந்துவிடும், திட்டுவதாக இருந்தாலும் போன் செய். துளிரை எப்படிக் கிள்ளுவது என்று இன்னொரு தடவை சொல்லிக்கொடு. இந்தத் தடவை கத்திரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

தலைகுனிந்து,
உன் அப்பா