செய்யாமல் விட்டது எது, அண்ணாத்த?

இன்று காலை கம்ப்ரஸர் அறையில் கந்தகக் குச்சி கொளுத்தினேன். அந்தப் புகை தொண்டையில் இறங்கியதும் நீங்கள் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. பைப் ஜாயின்ட் ஒவ்வொன்றின் அருகிலும் குச்சியைக் கொண்டுபோனேன். அம்மோனியா கசிந்தால் புகை பால்போல் வெளுக்கும். எங்கும் வெளுக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாக நாஸ்தாவுக்குப் போயிருப்பார்கள். நான் முதல் ஜாயின்டிலிருந்து மறுபடி தொடங்கினேன். எங்காவது கசிந்திருந்தால், நீங்கள் சொல்ல வந்தது இதுதான் என்று முடித்திருப்பேனே, அண்ணாத்த.

மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. நாளை மறுநாள் போட்டுகள் கடலில் இறங்கும். அதற்குள் ஐஸ் தயாராக வேண்டுமென்றால், இரண்டு மாதமாக நிற்கும் நம் ஐஸ் கம்பெனியை நாளைக் காலை ஓட்ட வேண்டும். ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட வேண்டியவன் நான். அந்த அறையில் எட்டு பேர் வேலை செய்கிறார்கள்.

வாட்ச்மேனிலிருந்து முதலாளிவரை எல்லோருக்கும் நீங்கள் அண்ணாத்த. செங்கல்பட்டிலிருந்து சர்டிபிகேட்டோடு வந்த எனக்கு நீங்கள் வைத்த பெயர் டிப்ளமோ. ஷிஃப்ட் மாறும்போது வருகிறவனும் போகிறவனும் சேர்ந்து மிஷின்களை ஒரு ரவுண்டு வர வேண்டும், போகிறவன் தான் செய்யாமல் விட்டதை மட்டும் வாயால் சொல்ல வேண்டும் என்பது உங்கள் சட்டம். லாக் புத்தகம் எதற்கு இருக்கிறது, இது நேர விரயம் என்று முதல் வாரமே சண்டை போட்டேன். நீங்கள் கோபப்படவில்லை.

“செஞ்சத நோட்டு சொல்லும். செய்யாதத எவன் எழுதுவான்? நீ எழுதுவியா டிப்ளமோ?”

எழுதமாட்டேன்தான். ஒருநாள் ரவுண்டில் “ஒண்ணும் இல்ல அண்ணாத்த” என்று அளந்துவிட்டேன். நீங்கள் ஆயில் வடிக்கும் வால்வு முன்னால் போய், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல நின்றுகொண்டீர்கள். ஐந்து நிமிடம் தாங்கினேன். பிறகு, ஆயில் வடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். “அப்பாடா, இப்ப வூட்டுக்குப் போ” என்றீர்கள். அவ்வளவுதான் திட்டு.

எனக்கு மட்டும் அந்தச் சட்டம் என்றால் அன்றே வேலையை விட்டிருப்பேன். முப்பது வருடம் அந்த அறையில் இருந்த நீங்கள், இருபத்திமூன்று வயதுக்காரன் என் முன்னால் நின்று, “ரெண்டாம் நம்பர் பெல்ட்டு பாக்கலடா, முட்டி வலி, குனிய முடில” என்று சொல்வீர்கள். முகத்தில் கூச்சம் இருக்காது. நான் இரண்டாம் நம்பருக்குப் போய்க் குனிவேன். உங்கள் பிரிவு உபசார விழாவில் நான் பேசியிருக்க வேண்டியது இதைத்தான்.

அந்த விழாவை ஏற்பாடு செய்தவனும் நானே. தடைக்காலத்துக்கு மிஷினை நிறுத்திய அன்று உங்களுக்கும் கடைசி நாள். முற்றத்தில் ஷாமியானா, சால்வை, பிரியாணி. முதலாளிக்கு அடுத்து ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். நீங்கள் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, ஒரு ரவுண்டு போய்விட்டு வந்துவிடலாம் என்றீர்கள்.

“முதலாளி காத்துகினு கீறாரு. எனக்குத் தெரியாத மிஷினா அண்ணாத்த? வாங்க,” என்று முழங்கையைப் பிடித்து இழுத்து வந்தேன். நீங்கள் ஒருமுறை அறையைத் திரும்பிப் பார்த்தீர்கள். மேடையில் உழைப்பு, நேர்மை, நேரம் தவறாமை என்று யாருக்கும் பொருந்துகிற மூன்று வார்த்தைகளை வாசித்துவிட்டு உட்கார்ந்தேன்.

அதன்பிறகு இரண்டு முறை போன் செய்தீர்கள். விஷயம் என்ன என்று கேட்டேன். போனில் சொல்கிற விஷயம் இல்லை, மிஷின் பக்கத்தில் நின்றுதான் சொல்ல வேண்டும் என்றீர்கள். மிஷினைப் பிரித்து மாட்டும் ஓவர்ஹால் வேலை தலைக்குமேல் இருக்கிறது, அடுத்த வாரம் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். மிஷின்தான் நிற்கிறதே என்று இருவருமே அசட்டையாக இருந்துவிட்டோம்.

அடுத்த வாரம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில்தான் உங்களைப் பார்த்தேன். பேச்சு போயிருந்தது. வலது கை வரவில்லை. என்னைக் கண்டதும் இடது கையைத் தூக்கி எதையோ சுற்றிக் காட்டினீர்கள். திரும்பத் திரும்பச் சுற்றினீர்கள். “ரெஸ்ட் எடுங்க அண்ணாத்த” என்று அந்தக் கையைப் பிடித்துக் கட்டிலில் வைத்தேன். இரண்டாவது முறையும் உங்களை நிறுத்தியவன் நான். நான்காம் நாள் திருக்கழுக்குன்றத்தில் கையில் மாலையோடு உங்கள் வீட்டு வாசலில் நின்றேன். “டிப்ளமோ வருவான், கம்பெனிக்குப் போவணும்னு செருப்பத் தொடச்சி வச்சிருந்தாருப்பா,” என்றார் அண்ணி.

எதைச் சுற்றினீர்கள்? வால்வா, போல்ட்டா? திறக்கவா, மூடவா? எந்தப் பக்கம் சுற்றினீர்கள் என்றுகூட நான் கவனிக்கவில்லை. நாற்பத்திரண்டு வால்வுகளையும் கழற்றிப் பார்த்தேன். சேஃப்டி வால்வைச் சோதித்தேன். ஒரு வருட லாக்கைப் பின்னாலிருந்து படித்தேன். நீங்கள் செய்தது எல்லாம் அதில் இருக்கிறது. ஒருவேளை குறை எதுவுமே இல்லையோ. முப்பது வருடம் சுற்றிய அறையைக் கடைசியாக ஒருமுறை சுற்ற மட்டும் ஆசைப்பட்டீர்களோ. அப்படியென்றால் நான் செய்தது இன்னும் கேவலம்.

மதியம் முதலாளியிடம் போய், கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன்.

“இன்னாப்பா ரிப்பேரு?”

“தெரியல சார்.”

“தெரியாததுக்கா நிறுத்தற?”

ஷாமியானாவுக்கு இழுத்து வந்ததையும், போன்களையும், ஆஸ்பத்திரியையும் சொன்னேன். சென்னையிலிருந்து அம்மோனியா தெரிந்த இன்ஜினியர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கட்டும், நான்கு நாள் ஆகும் என்றேன். போட்டெல்லாம் வேறு கம்பெனிக்குப் போய்விடும், தெரியும் இல்லையா என்றார். தெரியும் என்றேன். அவர் போனை எடுத்து, சென்னையில் அப்படி ஒரு இன்ஜினியர் கிடைப்பாரா என்று விசாரிக்கத் தொடங்கினார்.

ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது, “டிப்ளமோக்கு பயம் வந்துடுச்சி மச்சான்,” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். உண்மைதான், வந்துவிட்டது. இன்ஜினியர் எதையாவது கண்டுபிடிக்கலாம். நீங்கள் சொல்ல வந்தது அதுதானா என்று சொல்ல இனி ஆள் இல்லை. நான் ஓட்டப்போகிற ஒவ்வொரு மிஷினிலும் எனக்குத் தெரியாத ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும். அதோடுதான் ஓட்ட வேண்டும், அண்ணாத்த.