பஸ் ஸ்டாண்டோடு திரும்பி வந்தோம்

செஞ்சி
9.2.2024

அன்பு மகள் கலைமதிக்கு நைனா எழுதிக்கொள்வது.

போனில் பேசினால் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதனால் கடிதம். மற்றவர்கள் பத்தாவதை ஒரு தடவைதான் படித்தார்கள், நான் மூன்று தடவை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அம்மாவுக்கு மார்பில் புற்றுக்கட்டி ஆபரேஷன் முடிந்து இது மூன்றாவது வருஷ மேமோகிராம் படம். கட்டி ஏதும் தெரியவில்லை. மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அம்மா வேண்டுதல் மொட்டை போட்டாள். துணைக்கு நானும் உட்கார்ந்தேன். என் தலையைப் பார்த்து நாவிதர் சிரித்துவிட்டார், அவருக்கு அங்கே வேலையே இல்லை.

ஒரு சங்கதி. அம்மாவுக்கு மார்புச் சதை அடர்த்தியாம். படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. மாவு மூட்டையில் சுண்ணாம்புக் கட்டியைத் தேடுகிற மாதிரி, மறைந்திருக்கலாம், புதுச்சேரி போய் எம்.ஆர்.ஐ.யும் எடுங்கள் என்றார் டாக்டர். அம்மாவிடம் இன்னொரு ஸ்கேன் என்று மட்டும் சொன்னேன். “ஆத்தா புண்ணியத்துல நல்லா ஆயிடுச்சுன்னு சொல்லி, முடியும் குடுத்தாச்சு. இன்னும் தேடுனா அவள நம்பலன்னு ஆயிடாதா?” என்கிறாள். என்ன செய்ய?

உன் நைனா
கோதண்டராமன்

பெங்களூரு
17.2.2024

அன்புள்ள நைனாவுக்கு,

சாமி கோபிக்காது. மறைந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள். உடனே புதுச்சேரிக்கு அழைத்துப் போங்கள். உங்களை நம்பித்தான் இங்கே நிம்மதியாக இருக்கிறேன்.

உங்கள் செல்ல மகள்
கலைமதி

செஞ்சி
4.3.2024

அன்பு மகளுக்கு,

எடுத்தாயிற்று. ஒன்றுமில்லை. மிஷின் நெல் மில் மாதிரி சத்தம் போட்டதாம். அம்மா அதற்குள் தூங்கிவிட்டாளாம். வெளியே பயந்து உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

நைனா

செஞ்சி
17.1.2025

கலைமதி,

முதுகு வலி என்று காட்டப் போனோம். புற்று மார்பில் மறுபடி வந்து எலும்பு வரை போய்விட்டதாம்.

போன வருஷம் நாங்கள் புதுச்சேரிக்குப் போகவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் அம்மா, “வேணாங்க, வூட்டுக்குப் போயிடலாம்” என்றாள். நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவளுக்குச் சாமி பயம், எனக்கு ரிசல்ட் பயம். மிஷின் சத்தம் தாண்டவராயன் மாமா தன் முதுகுக்கு எடுத்தபோது சொன்னது.

மறைந்திருக்கலாம் என்பதை அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் வந்திருப்பாள். இப்போது, “ஆத்தாவுக்கு நான் இன்னா கொற வெச்சேன்?” என்று கேட்கிறாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

நைனா

பெங்களூரு
24.1.2025

நைனாவுக்கு,

அம்மாவிடம் நான் எதையும் சொல்லப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவை இங்கே அழைத்துக்கொள்கிறேன். இனி டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நீங்கள் வர வேண்டாம். ஏன் வரவில்லை என்று அம்மா கேட்கும். ஏதாவது சொல்லுங்கள். உங்களுக்கு வரும்.

கலைமதி