கில்கார்வி மைதானத்தில் என் இருக்கை

ஸ்ரீரங்கம்
கார்த்திகை 9

சிரஞ்சீவி சௌரிராஜனுக்கு அப்பா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. அரங்கன் கடாக்ஷத்தால் இங்கு இருவரும் தேக சௌக்கியம். அந்தக் குளிரில் நீயும் அவ்வாறே இருக்க அனுதினமும் பிரார்த்திக்கிறேன்.

நீ வேலை பார்க்கும் கில்கார்வி கால்பந்துக் கழகத்தின் வரலாற்றுப் புத்தகம் வந்து சேர்ந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு முறை வாசித்தேன். மீன்பிடிப் படகுக்காரர்கள் நூற்று முப்பது வருஷத்துக்கு முன் தொடங்கியதாம், கோப்பை வென்றது ஒரே முறை, இப்போது ஸ்காட்லாந்தின் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியிருக்கிறதாம். பலத்த காற்றில் பந்து கடலில் விழும், அதை எடுக்க ஒரு படகு காத்திருக்கும் என்று படித்துச் சொன்னபோது உன் அம்மாவின் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஐந்து கோல் வாங்கித் தோற்கும்போதும் எழுந்து போகாமல் பாடுகிறார்களாமே, அந்த ஆயிரம் பேர் மீது எனக்கு மரியாதை உண்டாகிவிட்டது. நாங்களும் பெருமாள் முன் பாடும் கோஷ்டியில் ஆள் குறைந்ததென்று பாசுரத்தைப் பாதியில் நிறுத்துவதில்லை.

வீரர்களின் கால்களைச் சரிசெய்யும் உன்னைக் கௌரவிக்க, மைதானத்து மரக்கொட்டகையில் எங்கள் இருவர் பெயரும் எழுதி இரண்டு இருக்கை ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும், தை மாதத்துக்கு விமான டிக்கெட் எடுத்தாயிற்று என்றும் எழுதியிருந்தாய். பதினோரு நாளாகப் பதில் எழுதக் கை வரவில்லை. காரணம் நீ அறிவாய். கடல் கடந்தவன் மறுபடி கோஷ்டியில் நிற்பதில்லை என்பது நம் குடும்ப வழக்கம். நீ போன அன்றே உன் இடம் போயிற்று. நம் வம்சத்தில் அங்கே நிற்க மிச்சம் நான் ஒருவன். கோஷ்டியில் மூத்தவரான பராங்குசம் மாமாவிடம் கேட்டேன். "போய்ட்டு வாரும் ஓய், யார் தடுத்தா? வந்தப்பறம் கம்பிக்கு வெளியே கூட்டத்தோட நின்னு சேவிக்கலாம்" என்றார். அது பரிகாசமா இரக்கமா, தெரியவில்லை. வீட்டிலோ உன் அம்மா, "பெருமாளுக்கு உங்களை விட்டா நூறு பேர் இருக்கா. எனக்கு இருக்கறது ஒரே பிள்ளை, பாத்து ஆறு வருஷமாச்சு" என்கிறாள். வேலையை விட்டு வந்தால் விசா போய்விடும் என்று நீயும் அங்கே அசையமுடியாமல் இருக்கிறாய். எனக்கோ காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கட்டிப்போட்டாற்போல் இருக்கிறது. கட்டியவனும் நானே, ஆனாலும் அவிழ்க்கத் தெரியவில்லை.

ஆகவே அம்மா மட்டும் வருகிறாள். திருச்சியில் நான் ஏற்றிவிடுகிறேன். தனியே பஸ்ஸில்கூடத் தஞ்சாவூரைத் தாண்டாதவள், விமானம் இறங்கும் முன்பே நீ வாசலில் நிற்கவேண்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கி வை.

கோஷ்டியில் ஒருவர் வராவிட்டால் அடுத்தவர் நகர்ந்து நின்று இடைவெளியை மூடிவிடுவோம். கொட்டகையில் பாதியைப் பழுதென்று அடைத்ததிலிருந்து மழையில் நின்றே ஆட்டம் பார்க்கிறார் என்று எழுதினாயே, வீரர்களின் உடுப்பு வெளுக்கும் டக்ளஸ் என்ற பெரியவர், அவரை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல். இருக்கையில் எழுதிய என் பெயரை மட்டும் அழிக்கவேண்டாம்.

தீர்க்காயுசாய், சகல சௌபாக்கியத்துடன் இருப்பாயாக.

இப்படிக்கு,
உன் அப்பா
சேஷாத்ரி