பெயரில்லை என்று எழுதிய சிகரம்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அப்பா பெயரைச் சிகரத்துக்கு வைக்கக் கேட்கும் விண்ணப்பத்தில், உன் கையெழுத்துக்குக் கீழே என் இடம் காலிதான். கோபப்படாமல் கடைசிவரை படி.

பார்க்காத மலைக்கு எப்படிப் பெயர் வைப்பது என்றுதான் இங்கே வந்தேன். அடிவாரத்திலிருந்து, சிகரத்தை மறைக்கும் முன்மலை மட்டும் தெரியும். இரண்டு நாள் ஏறிக் கணவாயைத் தாண்ட வேண்டும். தாண்டினேன். அப்பா அளந்து வரைந்த வரைபடத்தில் அது ஒரு சின்ன முக்கோணம், பக்கத்தில் 6,214 மீட்டர். சின்ன வயதில் நாம் அதன்மேல் டம்ளர் வைத்திருக்கிறோம்.

நேரில் கழுத்து போதவில்லை. அண்ணாந்தேன், பாதிதான் தெரிந்தது. இன்னும் அண்ணாந்தேன், தொப்பி விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் பள்ளத்தாக்கு இருண்டது. என் கை எனக்கே மங்கலாகத்தான் தெரிந்தது. உச்சியில் மட்டும் வெயில். அரை மணி நேரம். அந்த மிச்ச வெளிச்சத்தில்தான் கூடாரம் அடித்தோம்.

கூட வந்த சுமைக்காரம்மா, அந்தக் காலத்தில் அப்பாவின் அளவைக் கருவிக்கு முக்காலி தூக்கியவர். இதற்குப் பெயர் உண்டா என்று கேட்டேன். காது கேளாதவர்போலக் கயிற்றைச் சுருட்டினார். மறுநாள் இறங்கி, முன்மலை சிகரத்தை மறைத்த பிறகுதான் வாயைத் திறந்தார். "ஏம்மா, பெரியவங்களை மூஞ்சிக்கு நேரா பேர் சொல்லுவாங்களா? உங்கப்பாவும் இப்படித்தான், அதைப் பாத்துக்கிட்டே கேட்டாரு. சுமை தூக்கின அஞ்சு பேரும் கம்முன்னு இருந்தோம்." கீழே வந்ததும் ஏன் சொல்லவில்லை என்றேன். "அப்புறம் அவரு கேக்கவே இல்லையே" என்றவர், அதன் பெயரை எனக்குச் சொன்னார்.

அப்பா அங்கேயே 'பெயரில்லை' என்று குறித்துவிட்டார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நில அளவை அலுவலகம் இப்போது பெயர் தேடுகிறது.

அப்பா பெயரை வைக்கப்போகிறோம் என்றேன். "தாராளமா வைங்க. வர்றவன் போறவன்லாம் உங்கப்பா தலையில ஏறி நின்னேன்னு சொல்லிக்கிட்டுத் திரிவான்" என்றார். சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

அப்பா தவறவிட்டார் என்று நாமே எழுதிக் கொடுப்பது எனக்கும் கஷ்டம்தான். ஆனால் கோடு ஒன்று பிசகினால் சோறு இறங்காத மனுஷர் அவர். இருந்திருந்தால் ரப்பரை அவரே எடுத்திருப்பார். அவர் கண்ட உயரம் இன்றுவரை ஒரு மீட்டர்கூட மாறவில்லை. அது அவருடையது. அது போதாதா?

இப்போது ஊருக்குள் விடுதி அறையில் இருக்கிறேன். இவ்வளவு தூரம் வந்தால் முன்மலை குட்டையாகிவிடுகிறது. சிகரம் மறுபடி ஜன்னலில் நிற்கிறது. அதனால் பெயரை இன்னும் எழுதவில்லை.

நீ இல்லாமல் இதைச் செய்ய எனக்குத் தைரியமில்லை அக்கா. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பிடிவாதக்காரி

பி.கு: ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். புதிய படிவத்தில் 'பொழுதுகாத்தாள்' என்று எழுதினேன். உயரம் கண்டவர் என்ற இடத்தில் அப்பா பெயர். கையெழுத்துக்கான மேல் வரியை உனக்கு விட்டுவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டு, இத்துடன் வைத்திருக்கிறேன்.