விடுபட்ட ஏழு வீடுகள்

அன்புள்ள தம்பிக்கு,

பதினாறு வருடம் கழித்து எழுதுகிறேன். வேல்ஸில் ஓயாத மழை. கடல் தாண்டி, தென் அமெரிக்காவின் கோடியில், உன் படகோனியாவில் எப்படி?

நம் ஊர்த் திருச்சபையின் வரலாற்றையும் எஸ்டேட்டின் வரலாற்றையும் எழுதித் தரும்படி துரை கேட்டார். எழுதினேன். தேர்தலில் தனக்கு எதிராக வாக்களித்த ஏழு குடும்பங்களை அவர் நிலத்தைவிட்டுத் துரத்திய பக்கத்தைப் படித்தவர், "பழசக் கிளறாதீங்க, வாத்தியாரே" என்றார். எடுத்துவிட்டேன்.

ஞாயிறன்று சபைக் கோயிலில் அதை வாசித்து முடித்ததும், அந்த ஏழு வீட்டில் இங்கே மிஞ்சியிருக்கும் லொவ்ரி எழுந்தாள். "மாளிகை நாய்க்குக்கூட ரெண்டு வரி எழுதியிருக்கீங்க. எங்க வீட்டக் காணோமே, வாத்தியாரே?"

தாளை மடித்துவிட்டு ஏழு வீட்டின் பெயரையும் சொல்லத் தொடங்கினேன். கடைசியாக நம் வீட்டின் பெயரைச் சொல்ல வந்தபோது லொவ்ரியைப் பார்த்தேன். அவள்தான் சொல்லி முடித்தாள். துரை எழுந்து வெளியேறினார்.

மே மாதத்துக்குள் நான் பள்ளிக்கூட வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். பள்ளிக்கூடமும் அவருடையதுதானே.

வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட அப்பாவை நீ வண்டியில் ஏற்றிய அன்று நான் பள்ளிக்கூட ஜன்னலில் நின்று பார்த்தேன்; வெளியே வரவில்லை. அதைப் பற்றி நீ என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன். அங்கே வாத்தியார் தேவையில்லை என்றால் ஆடு மேய்க்கிறேன். வா என்று நீ எழுதினால் மட்டுமே கப்பல் ஏறுவேன்.

உன் அண்ணன்