ஒருவர் இருந்தால் யாருமில்லை

அனாபொலிஸ், பிப்ரவரி 1784

அன்புள்ள கெஸியா,

உன் இடுப்புவலி தேவலையா? பசு கன்று போட்டதா? நான் நலந்தான். தினமும் சிப்பிக்கறி, சலித்துப்போயிற்று.

நம் பெண் டாம்சினுக்குக் காய்ச்சல் என்று நீ எழுதியபோதே நான் கிளம்பியிருக்க வேண்டும். அமெரிக்காவின் பதின்மூன்று மாநிலமும் கூடும் இந்தக் காங்கிரஸ் சபையில் ஒரு மாநிலத்துக்கு இரண்டு பேராவது இல்லாவிட்டால் ஓட்டு கிடையாது. நம் நியூஹாம்ப்ஷயருக்கு நானும் பெலத்தியா கோவும்தான். நான் போனால் மாநிலமே ஊமையாகிவிடும் என்று இருந்துவிட்டேன். குழந்தையை அடக்கம் செய்தாயிற்று என்று நீ எழுதியபோதும் இருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு வேடிக்கை. பெரிய தீர்மானத்துக்கு ஒன்பது மாநிலம் தேவை. அன்று காலையில் கோவ், "பனி உருகறதுக்குள்ள வெட்டின மரத்தை அதுமேல சறுக்கி இழுத்தாகணும்யா, நீ பாத்துக்கோ" என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். தடுத்து நிறுத்தச் சபைக்கு அதிகாரமில்லை.

நம் மாநிலத்தைக் கூப்பிட்டதும் எழுந்து, "இருக்கேன்" என்றேன்.

எழுத்தர் தலை நிமிரவில்லை. "நீங்க ஒருத்தர்தானேய்யா? அப்ப யாரும் வரலைன்னுதான் எழுதணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வேறு ஆள் வரும்வரை இடத்தை விடாதே என்று நம் ஊர்ப் பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். தினமும் போய் உட்காருகிறேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. டாம்சின் எனக்காகப் பின்னிய கையுறையில் ஒன்றுதான் முடிந்தது என்றாயே, அதையும் வை. தபால்காரர் குதிரையேறிவிட்டார், அவசரம். மற்றதை நீ பின்னிவிடாதே, கெஸியா. ஒன்று போதும்.

உன்,
எலிபலெட்