முதலில் வரும் பெயர்

2025 ஜனவரி 8

கட்டுரை வந்துவிட்டது. கைடு பேச்சிராஜா சார் பெயர் முதலில். இரண்டாவதாக அவர் மச்சினன் மாரிராஜ். அந்த ஆள் எங்கள் வள்ளத்தில் ஒரு நாள் கால் வைத்ததில்லை. முத்துச்சிப்பிக்கும் மட்டிக்கும் வித்தியாசம் கேட்டால் முழிப்பான்.

மூன்று வருஷம். ரெனிஷ் அண்ணன் கடலடிப் பாறைப் பாரில் முங்கி சிப்பி எடுத்து மேலே தருவார், நான் குஞ்சுச் சிப்பிகளை எண்ணி எழுதுவேன், நடுநடுவே வாந்தி எடுப்பேன். என் பெயர் எங்கே? கடைசியில், நன்றி என்ற இடத்தில். "படகு ஏற்பாட்டில் உதவிய ஆராய்ச்சி மாணவி."

போய்க் கேட்டேன். "அடுத்ததுல பாத்துக்கிடுவோம், செல்வி" என்றார், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

சரி சார். நானும் பாத்துக்கிடுதேன்.

ஜனவரி 9

இன்றும் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அதில் துப்பாமல் கொடுத்தது என் அம்மா வளர்ப்பு.

ஜனவரி 27

மே மாதம் அவருக்குப் பேராசிரியர் பதவிக்கான இன்டர்வியூ. இன்னும் ஒரு கட்டுரை குறைகிறதாம். ஒரு வெளிநாட்டு ஜர்னலிலிருந்து மெயில் வந்திருக்கிறது என்று துள்ளுகிறார். ஓப்பன் ஆக்சஸ். படிக்கிறவன் காசு கொடுக்க வேண்டாம், உலகத்தில் யாரும் படிக்கலாம். எழுதுகிறவன்தான் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணத்தையும் இந்த வருஷத்திலிருந்து பல்கலைக்கழகமே தருகிறது.

"ஒன்னோட போன சீசன் டேட்டாவைக் குடு. பேரு வரிசையெல்லாம் பொறவு பேசிக்கிடலாம்."

கொடுத்தேன். என் தீசிஸில் அவர் கையெழுத்து வேண்டுமே, வேறு என்ன செய்ய? ஏரல் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 29

அந்த ஜர்னலைத் தேடிப் பார்த்தேன். உண்மையானது ரொம்பப் பழையது. யாரிடமும் கட்டணமே வாங்குவதில்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சாருக்கு வந்த மெயிலில் இருப்பது வேறு இணைய முகவரி. அதே பெயர், அதே அட்டை, ஆனால் போன அக்டோபரில் தொடங்கிய தளம். பணம் போக வேண்டியது யாரோ ஒரு தனி ஆளின் கணக்குக்கு.

போலி. பச்சைப் போலி.

சாரிடம் சொல்ல எழுந்தேன். ஏளா, உனக்கு என்ன வந்தது? உட்காரு என்று என்னையே அதட்டினேன். உட்கார்ந்துவிட்டேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்தானே. அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. என் சிப்பிகளும் அவரோடு சேர்ந்து முங்கட்டும், எப்படியும் அவை என் பெயரில் இல்லை.

பிப்ரவரி 4

ஐந்தே நாளில் ஏற்றுக்கொண்டார்களாம். சார் துறைக்கே மக்ரூன் வாங்கி வந்தார். எனக்கு இரண்டு. இரண்டையும் தின்றேன், நல்ல ருசி.

பிப்ரவரி 6

கட்டணக் கோப்போடு நூலகத்துக்கு என்னைத்தான் அனுப்பினார். அங்கே இதைச் சரிபார்ப்பவர் நாசரேத் ஞானதீபம் மேடம். ஜர்னல் பெயரை அங்கீகாரப் பட்டியலில் தேடினார். இருந்தது. இருக்காதா, பெயர் நல்ல பெயர்தானே. இணைய முகவரியை அவர் ஒத்துப் பார்க்கவில்லை.

"நல்ல ஜர்னல்தாம்மா. பணம் குடுக்குறதுக்கு மட்டும் புதுசா ஒரு விதி போட்டிருக்காங்க. ஒங்க சார்ட்ட போன்ல சொல்லிட்டேன்."

என்ன விதி என்று நான் கேட்கவில்லை. சந்தோஷப்படுகிற அவசரம்.

பிப்ரவரி 7

சார் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார். வழக்கம்போல் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். லீவுக்கும் வள்ளத்துக்கும் ரசாயனத்துக்கும் இப்படித்தான் போட்டிருக்கிறேன். இங்கே எந்த மாணவரும் படித்துப் பார்த்துப் போடுவதில்லை. படித்தால், "ஏன், எம்மேல நம்பிக்கை இல்லையோ?" என்று வரும்.

இன்று என் கல்யாணப் பதிவுக்குப் போடுவதுபோல் சிரித்துக்கொண்டே போட்டேன்.

மார்ச் 3

பணம் போய்விட்டது. இன்டர்வியூவில் யாராவது ஒருத்தர் லேப்டாப்பைத் திறந்து, "இது போலி ஜர்னல் ஆச்சே" என்று கேட்க வேண்டும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். உப்பளப் பக்கம் நடக்கையில் தனியாகச் சிரித்திருக்கிறேன் போல, லாரி டிரைவர் ஒருத்தர் திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 19

வெளியாகிவிட்டது. கண்குளிரப் பார்க்கலாம் என்று திறந்தேன்.

முதல் பெயர்: சந்தனச்செல்வி.

என் பெயர். எழுத்துப் பிழைகூட இல்லை. அதன்பிறகுதான் அவர் பெயர். மாரிராஜைக் காணவே காணோம்.

நூலகத்துக்கு ஓடினேன். ஞானதீபம் மேடம் சிரித்தார். "அதாம்மா அந்த விதி. மொதப் பேரு மாணவர் பேரா இருந்தாத்தான் பல்கலைக்கழகம் கட்டும். இல்லைன்னா அவங்க கைக்காசுல்லா போவும். நீயும் கையெழுத்துப் போட்டிருக்கியே."

பெருக்கல் குறி. ஐயோ, பெருக்கல் குறி! என்ன காரியம் செஞ்சிட்டேன். மூணு வருசமா தராத எடத்தை, கைக்காசு போயிடும்னதும் தூக்கிக் குடுத்துட்டானே. அதுவும் இதுலயா? இதுலயா குடுக்கணும்?

வராந்தாவில் சார் என்னைப் பிடித்து நிறுத்தினார். "ஒம்பேரத்தான் மொதல்ல போட்டிருக்கேன், பாத்தியா? இப்ப சந்தோசமா?"

"தேங்க்ஸ் சார்." சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது.

மார்ச் 21

கட்டுரையை நீக்கச் சொல்லி அந்தத் தளத்துக்கு மெயில் போட்டேன். நீக்குவதற்குத் தனிக் கட்டணமாம்.

ஏப்ரல் 2

நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாமலே போகலாம். அவர் பேராசிரியர் ஆவார். நான் இதையே காட்டி தீசிஸ் கொடுத்து டாக்டர் ஆவேன். ரெண்டு பேரும் நல்லா இருப்போம்.

அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த ஆள் நல்லா இருக்கக் கூடாது.

சொன்னால்? கட்டுரை செல்லாது. கட்டுரை இல்லாமல் தீசிஸ் வாங்க மாட்டார்கள். ஒரு தடவை வெளியான அந்த எண்ணிக்கையை வேறு எங்கும் திரும்ப அனுப்பவும் முடியாது. இன்னொரு சீசன் கடலுக்குப் போக வேண்டும். ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்று எழுத ஆசை. அரை நாள்தான் யோசித்தேன்.

ஏப்ரல் 4

பதிவாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன்.

ஏப்ரல் 11

கதவைச் சாத்திவிட்டுக் கத்தினார். "ஏளா, கூறுகெட்டவளே, ஒம்பேருல்லா மொதல்ல கெடக்கு! முங்குனா நீதான் மொதல்ல முங்குவ!"

"பின்னாலயே நீங்களும் வாரீங்கள்லா, சார்."

சொல்லிவிட்டு நானே கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

மே 12

விசாரணைக் கமிட்டி. மூன்று பேர், நடுவில் பிஸ்கட் தட்டு. ஓரத்தில் பேச்சிராஜா சார்.

"இதோட ஃபர்ஸ்ட் ஆத்தர் யாரு?"

"நான்தான் சார்."

வள்ளத்தில் வாந்திக்கு நடுவே எத்தனை தடவை இதைச் சொல்லிப் பார்த்திருப்பேன். ஏதோ மேடை, மைக், அப்பா முன்வரிசையில். பரவாயில்லை, இங்கேயும் குரல் நன்றாகத்தான் வந்தது.

"போலின்னு எப்ப தெரிஞ்சுது?"

"ஜனவரியிலயே தெரியும் சார்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல சார்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுதிக்கொண்டார்கள். சார் முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்து வைத்திருந்த அதே முகம்.

ஜூலை 1

அவருடைய பதவி உயர்வு நிறுத்தப்பட்டது. என் ஆராய்ச்சிப் பதிவு அக்டோபர்வரை முடக்கம். பிறகு புது கைடு.

அக்டோபர் 16

முதல் நாள் கடல். அவர் இன்னும் இணைப் பேராசிரியர்தான். நினைத்தால் இனிக்கத்தான் செய்கிறது, முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக.

ரெனிஷ் அண்ணன் முதல் கூடைச் சிப்பியை வள்ளத்தில் கொட்டிவிட்டு, விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எம்மவ போன்ல காமிச்சாம்மா ஒன் கட்டுரைய. காசு குடுக்காம யாரு வேணும்னாலும் பாக்கலாமாமே. ஒம்பேருதான மொதல்ல இருக்கு!"

"ஆமாண்ணே."

"பொறவு எதுக்கு மறுபடி மொதல்ல இருந்து எண்ணுதோம்?"

வாந்தி வருவதுபோல் கடல் பக்கம் குனிந்துகொண்டேன்.